ஒரு நிமிஷம் பன்னிரண்டு நொடியில் நின்ற படம்

படம் திக்கித் திக்கித்தான் தொடங்கும். மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய ஒரு குழந்தையின் தலை தெரியும், நிற்கும். குழந்தை அழுவதற்கு வாயைத் திறக்கும், நிற்கும். அழுகைச் சத்தம் முன்னால் ஓடிப்போய்விடும், வாய் பிறகு மெதுவாக அசையும். நடுவில் ஒரு சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். இப்படியே தட்டுத்தடுமாறி ஒரு நிமிஷம் பன்னிரண்டு நொடிக்கு வரும்போது, காது குத்த வந்த பத்தர் கையில் கம்பியோடு நிமிர்ந்து பார்ப்பார்.

“தாய்மாமன் எங்கம்மா? ஜல்தியா வரச் சொல்லுங்க, நல்ல நேரம் போவுது.”

என் அக்கா பதில் சொல்ல வாயைத் திறப்பாள். அங்கே படம் நின்றுவிடும்.

அந்தத் தாய்மாமன் நான்தான்.

இரண்டாயிரத்து எட்டு வாக்கில் ஆரணியில் நான் ஒரு பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். பெரிய கடை என்று நினைத்துவிட வேண்டாம். ப்ளைவுட் தடுப்புகளுக்கு நடுவே ஆறு கம்ப்யூட்டர், ஒரு பிரின்டர், ஒரே ஒரு டெலிபோன் லைன். அந்த ஒரு லைனைத்தான் ஆறு பேரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். ஒருவர் பாட்டு இறக்கினால் மற்ற ஐந்து பேருக்கும் மூச்சு முட்டும். சேலை போட்டோவைச் சென்னைக் கடைகளுக்கு மெயில் அனுப்பும் வியாபாரிகள் வருவார்கள், ஹால் டிக்கெட் எடுக்கும் பிள்ளைகள் வருவார்கள், சும்மா படம் பார்ப்பவர்களும் வருவார்கள். எல்லாரிடமும் ஒரே புகார்தான். “இன்னாபா, படம் நின்னு நின்னு வருது?”

இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. திக்குகிற படத்தைச் சரிசெய்வதில் அந்தத் தெருவில் என்னை விட்டால் ஆள் கிடையாது. முதலில் திறந்து கிடக்கும் மற்ற ஜன்னல்களை எல்லாம் மூடுவேன். பழைய தற்காலிக ஃபைல்களை அழிப்பேன். பிரவுசரில் யார் யாரோ ஏற்றிவைத்த வேண்டாத டூல்பார் பட்டைகளைப் பிடுங்கிப் போடுவேன். படம் ஓட்டும் பிளேயரைப் புதிதாக ஏற்றுவேன். அப்படியும் சரிவரவில்லை என்றால் வாசலுக்குப் போய், டெலிபோன் கம்பி சுவருக்குள் நுழையும் இடத்தில் இருக்கும் சின்னப் பெட்டியைத் திறந்து, பச்சை பிடித்த செம்பைச் சுரண்டிவிட்டு வருவேன்.

ஆனால் பாதி நேரம் இவை எதுவும் வேண்டியதில்லை. எளிதான வைத்தியம் ஒன்று உண்டு. படத்தை நிறுத்திவைத்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். கீழே சிவப்புக் கோட்டுக்கு முன்னால் ஒரு சாம்பல் கோடு மெல்ல நகரும். அது கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகு ஓட்டினால் படம் வெண்ணெய் மாதிரி ஓடும். “நிறுத்தி வச்சிட்டு ஒரு டீ குடிச்சிட்டு வாங்க” என்று கடைக்கு வந்த அத்தனை பேரிடமும் சொல்லியிருக்கிறேன். என் அம்மாவிடம் மட்டும் சொல்லவில்லை. ஏழு வெள்ளிக்கிழமைகள் அவள் என் கடையில் வந்து உட்கார்ந்தாள், ஏழு வெள்ளியும் நான் சொல்லவில்லை.

ஏன் என்று சொல்வதற்கு அக்காவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

எங்களுடையது பட்டு நெசவு செய்யும் குடும்பம். அப்பா தறியில் உட்காருவார், அம்மா தார் சுற்றுவாள், அதாவது தறி நாடாவுக்குள் வைக்கும் சின்னக் கட்டையில் நூல் சுற்றிக் கொடுப்பாள். அக்காவுக்குத் தறி பிடிக்கவில்லை. செய்யாறு பக்கம் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து தெருமுனையில் நிற்கும், ஓடிப்போய் ஏறுவாள். அதே கம்பெனியில் வேலை பார்த்த ஒருவரை விரும்பினாள். தெள்ளார் பக்கம் ஒரு கிராமம் அவருக்கு. அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர்கள். எங்கள் தெருவுக்கு அது போதும், அதற்கு மேல் அவரைப் பற்றி யாரும் எதுவும் விசாரிக்கவில்லை. நல்ல மனிதரா, குடிக்கிறவரா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒருநாள் கம்பெனி பஸ்ஸில் ஏறிப்போன அக்கா சாயங்காலம் திரும்பவில்லை.

அப்பா அவளுக்குத் தலைமுழுகினார். செத்தவர்களுக்கு முழுகுவதுபோல ஆற்றில் போய் முழுக வேண்டும் என்றார். ஆற்றில் தண்ணீர் இல்லை. வீட்டுக்குப் பின்னால் குழாயடியில் உட்கார்ந்து குடம் குடமாக ஊற்றிக்கொண்டார். குழாயில் தண்ணீர் வருவது நின்றபோது பாதி முழுக்கோடு ஈரத்தலையாக நின்றுகொண்டு என்னைப் பார்த்து, “அடிபம்ப்புல ரெண்டு குடம் அடிச்சிகினு வாடா” என்றார். நானும் போய் அடித்துக்கொண்டு வந்தேன். அக்காவைத் தொலைத்ததில் அந்த இரண்டு குடம் என் பங்கு என்று இப்போது நினைக்கிறேன். அப்போது அப்படி எதுவும் தோன்றவில்லை, கை வலித்தது மட்டும்தான் தெரிந்தது.

மூன்று வருஷம் கழித்து என் செல்லுக்கு அக்கா பேசினாள். ஓசூரில் இருக்கிறார்களாம், பெண் குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஆகிறதாம்.

“டேய், படவேட்டு அம்மன் கோயில்ல பாப்பாவுக்கு மொட்டை போட்டுக் காது குத்தறோம். ஆரணியிலேர்ந்து ஒரு மணி நேரந்தான். நீ வந்து மடி குடுத்தா போதும்டா, வேற எதுவும் வேணாம்.”

“வரேன்க்கா.”

“அம்மாவ இட்டுகினு வர முடிஞ்சா இட்டுகினு வா. முடியாதுன்னா சொல்லவே சொல்லாத. தெரிஞ்சா அழும். அழுதா அப்பாவுக்குத் தெரிஞ்சிடும்.”

எங்கள் பக்கத்தில் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். தகப்பன் மடி கிடையாது, தாத்தா மடியும் கிடையாது. தாய்மாமன் இல்லாத வீட்டில் ஒன்றுவிட்ட முறையில் யாரையாவது தேடிப் பிடித்து உட்கார வைப்பார்களே தவிர அந்த இடத்தைச் சும்மா விடமாட்டார்கள். நான் ஒரு ஜோடிச் சின்னத் தோடு வாங்கினேன். நகைக்கடையில் ரோஸ் தாளில் மடித்துக் கொடுத்தார்கள். கடை மேஜை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன்.

போக வேண்டிய நாளில் நான் போகவில்லை. காரணம் கேட்டால் பெரிதாக எதுவும் இல்லை. பயம். அப்பாவுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம், படவேட்டுக்குப் போகும் பஸ்ஸில் எங்கள் தெரு ஆட்கள் யாராவது ஏறினால் என்ன சொல்வது என்ற பயம். வேட்டி கட்டித் தலை சீவி, கடைக்கு வந்து இழுப்பறையைத் திறந்து பொட்டலத்தை எடுத்தவன், ஒரு வாடிக்கையாளர் வந்தார் என்று கம்ப்யூட்டரைப் போட்டுக் கொடுத்தேன். பிறகு இன்னொருவர் வந்தார். அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

பத்து மணிக்கு அக்கா பேசினாள். “கிளம்பிட்டேன்” என்றேன். பதினொன்றரைக்குப் பேசினாள். “பஸ் ஏறிட்டேன்” என்றேன்.

இங்கே எங்கள் ஊர் வியாபாரப் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். நெய்து முடித்த சேலையைச் சென்னைக்குப் பஸ்ஸில் பார்சல் போட்டு அனுப்புவார்கள். அங்கே கடைக்காரர் முகூர்த்தம் நெருங்குகிறது என்று போனில் கத்துவார். இங்கே சேலை இன்னும் தறியில் இருக்கும், முந்தானை ஒரு முழம் பாக்கி இருக்கும். தறிக்குழியில் கால் தொங்கிக்கொண்டிருக்கும்போதே, “பஸ்ல போட்டாச்சிங்க, இந்நேரம் ஆற்காடு தாண்டி இருக்கும்” என்பார்கள். வேறு எதற்கும் பொய் சொல்லாத என் அப்பா இதைக் கூசாமல் சொல்வார். நாங்கள் பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். அம்மாவும் சிரிப்பாள். ஊரில் யாரும் இதைப் பொய்க் கணக்கில் சேர்ப்பதில்லை. வெளியூர்க் கடைக்காரர்களுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

பன்னிரண்டு மணிக்கு அம்மா வழக்கம்போல எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தாள். கேரியரை மேஜையில் வைத்துக்கொண்டிருந்தபோது மூன்றாவது முறையாகச் செல் அடித்தது. எடுக்காமல் விட்டிருக்கலாம். எடுத்தேன்.

“எங்கடா இருக்க? பத்தரு உக்காந்துகினு இருக்காரு.”

“பஸ்லதான் இருக்கேன். சந்தவாசல் தாண்டிட்டேன்.” படவேட்டுக்குச் சற்று முன்னால் வரும் ஊர் அது.

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த வியாபாரியிடமோ நானும் அப்பா மாதிரியே அளக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். “சந்தவாசலா!” என்று வாய்விட்டுச் சிரித்தாள். அம்மாவின் சிரிப்பு பெரிய சிரிப்பு, தெருவில் நான்கு வீட்டுக்குக் கேட்கும். வாசலில் அந்த நேரம் பார்த்து ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது. நான் செல்லை அணைத்தேன். “அப்பனுக்குப் புள்ள தப்பாம பொறந்துருக்க” என்று சொல்லி அம்மா சோற்றைப் போட்டாள். அன்று கத்தரிக்காய்க் காரக்குழம்பு. நன்றாகச் சாப்பிட்டேன். அது நினைவில் இருப்பதே எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

அக்கா அதற்குப் பிறகு பேசவில்லை. நான் இரண்டு முறை அடித்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. பத்து நாள் கழித்து ஒரு மெயில் வந்தது. காதுகுத்தை யாரோ செல்போனில் படம் பிடித்து நெட்டில் ஏற்றியிருந்தார்கள், அதன் முகவரி. அதற்குக் கீழே இங்கிலீஷ் எழுத்தில் தமிழாக ஒரே ஒரு வரி. அம்மாவிடம் காட்டு.

காலையில் கடையை யாருக்கும் திறப்பதற்கு முன்னால் தனியாக உட்கார்ந்து, படத்தை நிறுத்திவைத்து, சாம்பல் கோடு முழுதும் ஓடிய பிறகு போட்டேன். பத்தர் கேட்டார். அக்கா சொன்னாள்: “இதோ, வந்துகினே இருக்கான். பஸ்ஸு சந்தவாசல் தாண்டிடிச்சாம்.”

அவள் அதைப் பெருமையாகச் சொன்னாள். சுற்றி நின்றவர்கள் அவள் வீட்டுக்காரர் பக்கத்து ஜனங்கள். அவர்களுக்கு முன்னால், எனக்கும் பிறந்த வீடு இருக்கிறது பாருங்கள் என்ற முகத்தோடு சொன்னாள். என் பொய் அவள் வாயில் வந்து உண்மை மாதிரி நின்றது. அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. ஜன்னலை மூடிவிட்டேன்.

ஆனால் அக்கா சொன்ன வேலையில் பாதியையாவது செய்யாமல் இருக்க முடியவில்லை. அப்பா வெளியே போன நேரம் பார்த்து அம்மாவிடம் சொன்னேன். பேத்தி பிறந்ததே அப்போதுதான் அவளுக்குத் தெரியும். சுற்றிக்கொண்டிருந்த தாரை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.

“காது குத்திட்டாங்களா? தாய்மாமன்னு யாருடா மடி குடுத்தது?”

“தெரியலம்மா. வீடியோ வந்திருக்குது, கடைக்கு வா.”

அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகிறேன் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுக் கடைக்கு வந்தாள். வேண்டாம் என்று சொல்லியும் செருப்பை வாசலில் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். கடைசித் தடுப்பில் உட்கார வைத்தேன். படத்தைப் போட்டேன். கடையில் ஆறு மெஷினிலும் ஆள், லைன் திணறிக்கொண்டிருந்தது, படம் தானாகவே நன்றாகத் திக்கியது. ஒரு நிமிஷம் பன்னிரண்டு நொடியில் வட்டம் சுற்ற ஆரம்பித்தபோது எனக்கு வந்த நிம்மதி இருக்கிறதே, அதை எந்தக் கோயிலிலும் நான் அடைந்ததில்லை. “நின்னு போச்சும்மா” என்று சொல்லி ரெஃப்ரெஷ் அடித்தேன். படம் மறுபடியும் முதலில் இருந்து வந்தது.

அம்மாவுக்கு அது ஏமாற்றமாகவே இல்லை. முதல் ஒரு நிமிஷமே அவளுக்கு மலையளவு. குழந்தையின் கன்னத்தைத் திரையில் தொட்டாள். பழைய கண்ணாடித் திரை, தொட்டால் விரல் நுனியில் சுர்ரென்று ஏறும்.

“கை சுர்ருங்குதுடா” என்று சிரித்தாள். மறுபடியும் தொட்டாள்.

அக்கா நைலக்ஸ் சேலை கட்டியிருந்தாள். அம்மாவின் கண் அங்கேயே நின்றது. “ஊரு முழுக்க நம்ம பட்ட கட்டிகினு காதுகுத்தறாங்க. இவளுக்கு ஒண்ணு இல்ல பாரு” என்றாள். நான் மவுஸைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

“அடுத்த வாரம் சரி பண்ணிடறேம்மா.”

அடுத்த வாரம் தற்காலிக ஃபைல்களை அவள் கண் முன்னால் அழித்தேன். அதற்கடுத்த வாரம் பிளேயரை ஏற்றினேன். அதற்கடுத்த வாரம் திரையின் நிறத்தைக் குறைத்தேன், குழந்தையின் முகத்தில் திட்டுத் திட்டாகப் பச்சை படிந்தது. அம்மா பதறிப்போய், “அய்யோ, பழைய மாதிரியே வையிடா” என்றாள். டெலிபோன் பெட்டியைச் சுரண்டினேன். லைன்மேனிடம் சொல்லியிருக்கிறேன் என்றேன், சொல்லவில்லை. ஒவ்வொரு வாரமும் படம் ஒரு நிமிஷத்தைத் தாண்டும்போது என் விரல் ரெஃப்ரெஷ் பட்டன் மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். லைன் நன்றாக இருந்த நாளில்கூடப் படத்தை நான் நிற்க வைத்தேன். ஊருக்கெல்லாம் திக்கலைச் சரிசெய்தவன் என் அம்மாவுக்கு மட்டும் திக்கலாக இருந்தேன்.

“பாவம், உனக்கு எத்தினி பேஜாரு” என்று அம்மா என் தலையைத் தடவிவிட்டுப் போவாள். கோயிலுக்கே போகாமல், கடையிலிருந்து திரும்பும்போது வழியில் குங்குமம் வாங்கி நெற்றியில் இட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவாள்.

ஏழாவது வெள்ளிக்கிழமை பிரின்டரில் தாள் சிக்கிக்கொண்டது. ஒரு வியாபாரி அவசரம் என்று குதித்தார். படம் ஓடுகிறபோது அம்மாவை விட்டுவிட்டு நான் முன்பக்கம் போனேன். குழந்தையைத் தொடப் போனவள் மவுஸில் கையை வைத்திருக்கிறாள், படம் நின்றுவிட்டது. எதையாவது கெடுத்துவிட்டோமோ என்று பயந்து கையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் தாளைப் பிடுங்கி, மை பட்ட கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி வர கால்மணி நேரம் ஆயிற்று. அம்மா திரையின் அடிப்பக்கம் விரலை வைத்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டேய், இதப் பாரு. நான் தொடாம வுட்டா இந்தச் சாம்பக் கோடு தானா போய்க்கினே இருக்குது. செவப்புக் கோடு நின்ன எடத்துல நிக்குது.”

நான் மவுஸுக்குக் கையை நீட்டினேன்.

“இது தாரு சுத்தற மாதிரிதான்டா. ஒருத்தி சுத்திச் சுத்திக் குடுத்துகினே இருக்கணும், தறியில இருக்கறவரு நெய்துகினே போவணும். தாரு தயாரா இல்லாம நெய்ய உக்காந்தா நிக்காம இன்னா பண்ணும்? நீ சும்மா அடிச்சி அடிச்சி மொதல்லேர்ந்து கொண்டாற. சுத்தி முடிக்கட்டும். அப்புறம் ஓட்டு.”

கல்யாணம் ஆன நாளில் இருந்து தார் சுற்றுகிறவள். யாரும் சொல்லித்தராமல் கால்மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டாள். மெயின் சுவிட்ச் எனக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கரண்ட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம், அந்த வருஷம் நாளைக்கு நான்கு முறை போய்க்கொண்டுதான் இருந்தது. ஆனால் அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். கையை விடவில்லை. சாம்பல் கோடு கடைசி வரை போய்ச் சேர்ந்தது. முந்தானையால் திரையைத் துடைத்தாள்.

“இப்ப ஓட்டு.”

ஓட்டினேன். ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. குழந்தை அழுதது, வாயும் சத்தமும் ஒன்றாக வந்தன. பத்தர் நிமிர்ந்தார். தாய்மாமன் எங்கம்மா என்றார். அக்கா வாயைத் திறந்தாள்.

“இதோ, வந்துகினே இருக்கான். பஸ்ஸு சந்தவாசல் தாண்டிடிச்சாம்.”

என் மணிக்கட்டைப் பிடித்திருந்த கை இறுகியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான், அதற்கு மேல் நானும் கேட்டதில்லை. அக்கா மேலும் பேசினாள், கண்ணைத் திறந்தேன். பக்கத்தில் யாரிடமோ திரும்பி, சின்ன வயதில் பேசுவதுபோலப் படபடவென்று பேசினாள்.

“எங்கம்மாவும் வராங்க. அவன் சொல்லவே இல்ல பாரேன், திருட்டுப் பய. நானே கண்டுபுடிச்சிட்டேன். போன்ல அம்மா சிரிப்பு கேட்டுச்சி.”

படம் இன்னும் இரண்டு நிமிஷம் ஓடியது. அக்கா சேலை மடிப்பைச் சரி செய்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ஒரு பாயை உதறி நிழலில் போட்டாள், அம்மாவுக்காக இருக்க வேண்டும். அப்புறம் படம் எடுத்தவர் ரோட்டுப் பக்கம் திரும்பினார். ஒரு பஸ் வந்து நின்றது. அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் ஓடினாள். பூக்கூடையோடு இரண்டு பெண்கள் இறங்கினார்கள், ஒரு கிழவர் இறங்கினார். பஸ் போய்விட்டது. அக்கா அது போன பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். பத்தர் ஏதோ சொல்வது கேட்டது. கடைசியில் அக்காவே வந்து அந்த இடத்தில் உட்கார்ந்து குழந்தையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். கம்பி ஏறியது. குழந்தை வீறிட்டது. படம் முடிந்தது.

அம்மா அழவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“அன்னிக்கி நீ போன்ல சந்தவாசல்னு சொன்னது…”

நான் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“நான் சிரிச்சேனே” என்றாள்.

என்னை அடித்திருந்தால் தேவலை. திட்டவும் இல்லை. “நான் சிரிச்சேனேடா” என்று மட்டும் மறுபடியும் சொன்னாள். பிறகு எழுந்து முன்பக்கம் போய், கடை டெலிபோன் பக்கத்தில் நின்றாள்.

“அவளுக்குப் போட்டுக் குடு.”

என் செல் நம்பரை எடுக்காத அக்கா கடை நம்பரை எடுத்தாள். ரிசீவரை அம்மாவிடம் கொடுத்தேன். எல்லாவற்றையும் சொல்லப் போகிறாள், தம்பி கடையில் உட்கார்ந்து சோறு தின்றான் என்று சொல்லப் போகிறாள் என்று நின்றேன். சொல்லட்டும் என்றுதான் இருந்தது. அக்காவின் குரல் ரிசீவருக்கு வெளியே தெறித்தது. மூன்று வருஷம் கழித்து அம்மாவிடம் அவள் கேட்ட முதல் கேள்வி எனக்கே கேட்டது.

“அவ்ளோ தூரம் வந்துட்டு ஏம்மா பாதியில எறங்கினீங்க?”

அம்மா என்னைப் பார்த்தாள். ஒரு நொடிதான் பார்த்தாள்.

“ஆமாம்மா. நாந்தான் எறங்கிட்டேன். சந்தவாசல் தாண்டினதும் பயம் வந்துடிச்சி, உங்கப்பாவுக்குத் தெரிஞ்சா இன்னா பண்ணுவாருன்னு. தம்பி வரேன்னுதான் சொன்னான். நாந்தான் கையப் புடிச்சி இழுத்துகினு வந்துட்டேன். அவன் மேல தப்பு இல்ல.”

அந்தப் பக்கம் சத்தம் நின்றுவிட்டது. அம்மா “அம்மாடி, அம்மாடி” என்று இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தாள். ரிசீவரை எப்படி வைப்பது என்று தெரியாமல் தலைகீழாக வைத்தாள்.

நான், “ஏம்மா அப்படிச் சொன்ன?” என்று கேட்டேன்.

“எனக்கு இன்னாடா. நான் இல்லன்னா அந்தப் பொண்ணுக்கு ஒண்ணும் கொறஞ்சிடாது. நாளைக்கு வயசுக்கு வந்தா, கண்ணாலம்னு வந்தா, மாமன் சீரு யாரு கொண்டு போறது? நூலு மாதிரி ரெண்டு பேரும் அந்துட்டா அவ எதுல முடி போடுவா?” செருப்பை மாட்டிக்கொண்டாள். “உங்கப்பாவுக்குக் காப்பி நேரம் ஆயிடிச்சி.”

அடுத்த மாதத்தில் இருந்து அக்கா என்னோடு பேச ஆரம்பித்தாள். மாதம் ஒரு முறை, சில மாதம் இரண்டு முறை. குழந்தை நடக்கிறது என்பாள், பேசுகிறது என்பாள், மாமா என்று சொல்லச் சொல்லிச் செல்லைக் குழந்தையின் வாயில் வைப்பாள். “உன் மேல எனக்குக் கோவமே இல்லடா. பாதி வழி வரைக்குமாவது வந்தியே” என்று ஒரு முறை சொன்னாள். அம்மாவைப் பற்றி நான் எடுத்தால் பேச்சை மாற்றுவாள். அம்மாவிடம் அவள் அதன் பிறகு ஒரு வார்த்தை பேசவில்லை. அந்தப் படத்தையும் நெட்டில் இருந்து எடுக்க வைத்துவிட்டாள். ரோஸ் தாள் பொட்டலம் கொஞ்ச நாள் இழுப்பறையிலேயே கிடந்தது, பிறகு தபாலில் அனுப்பினேன். தோடு அழகாக இருக்கிறது, மாமன் வாங்கியது என்று எல்லாரிடமும் காட்டுகிறேன் என்றாள்.

அவள் பேசும்போது பல நாள் அம்மா சாப்பாட்டுக் கேரியரோடு கடையில் இருப்பாள். செல்லில் யார் என்று என் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்வாள். பக்கத்தில் வந்து நின்று, முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொள்வாள். மூச்சுச் சத்தம்கூட வராது. குழந்தையின் குரல் கசியும்போது கண் மட்டும் சிரிக்கும். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று எத்தனையோ முறை நான் வாயெடுத்தேன், முந்தானையை எடுக்காமலே வேண்டாம் என்று தலையை ஆட்டுவாள்.

“பக்கத்துல யாருடா?” என்று அக்கா கேட்பாள். ஒவ்வொரு முறையும் கேட்பாள்.

“யாருமில்லக்கா” என்பேன்.